முருங்கப் பிசின்ல மாத்திரைக்கு பைண்டர் செய்யறது எப்படி

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுங்கள்ல முருங்க மரத்துக்குப் பஞ்சமே இல்ல, அதனால பார்மசி டிப்ளோமா ப்ராஜெக்ட்டுக்கு பைண்டர் தேடற தம்பி தங்கச்சிங்க காசு செலவு பண்ணாம அங்கேயே ஆரம்பிங்க. மாத்திரைத் தூள ஒண்ணா பிடிச்சு வைக்கிற பசைதான் பைண்டர். சூடான்ல இருந்து வர்ற அகேசியா பிசின் ரொம்ப காலமா இந்த வேலைக்கு ஓடிட்டு இருக்கு, அதையும் கொஞ்சம் வாங்கி வச்சுக்கிட்டா ஒப்பிட்டுப் பாக்கலாம். பால்மரத்துப் பால், அதாவது ரப்பர் பால், ஆகுமான்னு கேக்காதீங்க லா, அது தண்ணில கரையாது, சில பேருக்கு அலர்ஜி வேற.

மரத்துல காயம் பட்ட எடத்துல பிசின் முதல்ல வெள்ளையா வரும், காத்து பட பட செவந்து கறுத்துடும். வெளுப்பா இருக்கறத மட்டும் எடுங்க, பட்டை, எறும்பு எல்லாம் ஒட்டியிருக்கும், பொறுக்கிட்டு காய வச்சு இடிச்சு தண்ணில ஒரு ராத்திரி ஊறப் போடுங்க. நல்லா உப்பி கொழகொழன்னு ஆனதும் மஸ்லின் துணில பிழிஞ்சு, அந்தச் சாறு அளவுக்கு ரெண்டு மூணு மடங்கு எத்தனால் (ஆல்கஹால்) ஊத்தினா பிசின் திரிதிரியா பிரிஞ்சு வரும். அத 50 டிகிரிக்கு மேல போகாம ஓவன்ல காய வச்சு அரைச்சு, 80ஆம் நம்பர் சல்லடைல (நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னது) சலிச்சு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பால இறுக்கி மூடுங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு திறந்து வச்சா பூஞ்சைதான்.

லாக்டோஸோட (பால் சர்க்கரைத் தூள்) 10 சதவீதம் ஸ்டார்ச் கலந்துக்குங்க. பிசின 4, 6, 8 சதவீதம்னு தனித்தனியா வெந்நீர்ல கரைச்சு, அன்னிக்கே யூஸ் பண்ணிடுங்க, மறுநாள் கெட்டுடும். அந்தத் தூள்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பெசையணும், எங்க நிறுத்தறதுங்கறதுதான் இதுல முக்கியமான விஷயம்: ஒரு பிடி எடுத்து அமுக்கினா உருண்டையா நிக்கணும், ஒடிச்சா பொலபொலன்னு உதிராம ரெண்டா உடையணும், கைல ஒட்டவும் கூடாது. 16ஆம் நம்பர் சல்லடைல தேச்சு, காய வச்சு, 20ல மறுபடி சலிச்சு, கடைசியா 1 சதவீதம் மெக்னீசியம் ஸ்டீரேட் (மெஷின்ல ஒட்டாம இருக்கப் போடற தூள்) போட்டு ரெண்டு மூணு நிமிஷம் கலக்கினா போதும், ரொம்ப நேரம் கலக்கினா மாத்திரை வலுவிழந்துடும். அப்புறம் மாத்திரை மெஷின்ல அடிங்க.

கெட்டியா வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டு பிசின ஏத்திக்கிட்டே போறவங்க நெறைய, அப்படிப்பட்ட மாத்திரை வயித்துல கரையாம கூழாங்கல்லு மாதிரி கிடக்கும். ஃப்ரையபிலிட்டி டிரம்ல (மாத்திரை எவ்வளவு உதிருதுன்னு பாக்கற சுத்தற டிரம்) 100 சுத்து சுத்தினா எடை 1 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது, 37 டிகிரி தண்ணில 15 நிமிஷத்துக்குள்ள உடையணும், இந்த ரெண்டும் பாஸ் ஆகற குறைஞ்ச அளவு எதுவோ அதான் உங்க பதில். இதெல்லாம் மருந்து சேக்காத வெத்து மாத்திரை, பாட்டி கேட்டாலும் குடுத்துடாதீங்க, இங்க மருந்து விக்கணும்னா 1984 மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிமுறைப்படி பதிவு வேணும்.