பெரிய கில்ட் கட்டுவது எப்படி? ஹைலேண்ட் கேம்ஸுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் கனடாவில், ஒன்டாரியோவின் மேக்ஸ்வில் என்ற சிற்றூரில் கிளங்கேரி ஹைலேண்ட் கேம்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் பாரம்பரிய விழா நடக்கும். 1948இல் தொடங்கிய விழா. பேக்பைப்பும் முரசும் வாசிக்கும் குழுக்களுக்கான வட அமெரிக்க பைப் பேண்ட் சாம்பியன்ஷிப் போட்டியும் அங்கேதான். மூன்று வருடம் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன். நான்காம் வருடம், அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் தன் குடும்பத்தோடு கூடாரத்தில் வந்து நிற்கச் சொன்னார். "கில்ட் கட்டிக்கொண்டு வா" என்றும் சொன்னார். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், முழங்கால் வரை வரும் கொசுவ உடைதான் கில்ட்.

கடையில் தைத்து விற்கும் கில்ட்டை மாட்டிக்கொள்ளப் பாடம் தேவையில்லை. கொசுவம் பின்னால், மேல்மடிப்பின் ஓரம் வலது இடுப்பில், அவ்வளவுதான். நான் கட்ட விரும்பியது பழைய வகை. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ஃபேலா மோர், அதாவது பெரிய கில்ட். தையலே இல்லாத ஒரே நீளத் துணியை இடுப்பில் பெல்ட்டால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் ஏற்றுவது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு ஒரு மாலை போதும்.

துணியும் பெல்ட்டும்

இரட்டை அகலக் கம்பளித் துணி, அதாவது 54 முதல் 60 அங்குல அகலம், நாலரை கெஜம் வாங்குங்கள். கம்பளிதான் வேண்டும். அக்ரிலிக் கலந்தது விலை குறைவு, ஆனால் கொசுவம் நிற்காது, பெல்ட்டுக்குள் வழுக்கும். முதலில் அதை வாங்கிப் பணத்தை விரயம் செய்தேன். கோடைக்குக் கெஜத்துக்கு 13 அவுன்ஸ் எடை சரியாக இருக்கும், 16 அவுன்ஸ் வேண்டாம். பெல்ட் இரண்டு அங்குல அகலமாவது இருக்கட்டும். மெல்லிய பெல்ட் இவ்வளவு துணியைத் தாங்காது.

எந்த டார்டன்? டார்டன் என்பது கில்ட் துணியின் வண்ணக் கட்ட வடிவம், பல ஸ்காட்லாந்துக் குலங்களுக்குத் தனித்தனியாக உண்டு. அந்தக் குலப்பெயர் இல்லாதவர்கள் கட்டக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் இன்னொரு குடும்பத்தின் வண்ணத்தை அழகுக்காக எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேப்பிள் லீஃப் டார்டனை எடுத்தேன். 1964இல் வடிவமைத்தது, 2011இல் கனடாவின் அதிகாரபூர்வச் சின்னமானது. மேப்பிள் இலை பச்சையிலிருந்து பொன்னிறம், சிவப்பு, பழுப்பு என்று மாறும் நிறங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இங்கே வாழ்கிற யாரும் உரிமையோடு கட்டலாம்.

தரையில் விரிப்பது

பெல்ட்டை முதலில் தரையில் வையுங்கள். அதன் மேல்தான் துணி. நான் கொசுவத்தை எல்லாம் மடித்துவிட்டுப் பெல்ட்டை அடியில் நுழைக்கப் பார்த்தேன், ஒரு மணி நேர வேலை கலைந்தது.

துணியின் கீழ் ஓரத்திலிருந்து பெல்ட் எவ்வளவு தூரம்? தொப்புளிலிருந்து முழங்கால் நடு வரை அளந்துகொள்ளுங்கள். எனக்கு 24 அங்குலம். பேன்ட் நிற்கும் இடத்திலிருந்து அளந்தால் கில்ட் முழங்காலுக்கு மேலே ஏறிவிடும்.

கொசுவம்

நான் சறுக்கிய இடம் இதுதான். கண்ணளவில் மடித்துக்கொண்டே போனேன். ஒரு தடவை துணி மிஞ்சியது, இன்னொரு தடவை முன்பக்கம் மூடவே போதவில்லை. கணக்குப் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது.

என் இடுப்பு 36 அங்குலம். நாலரை கெஜம் என்றால் 162 அங்குலம். இரண்டு முனையிலும் முன்பக்கம் மூடுவதற்கு 24 அங்குலம் மடிக்காமல் விட வேண்டும். மிச்சம் 114. இதை முதுகுப்பக்கத்து 18 அங்குலத்துக்குள் அடக்க வேண்டும். என் துணியில் கட்டம் 6 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. 114ஐ 6ஆல் வகுத்தால் 19. ஆகவே 19 மடிப்பு, ஒவ்வொன்றும் வெளியே ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

டேப் வைத்து அளக்கத் தேவையில்லை. ஒரு கோட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள், நான் சிவப்பை எடுத்தேன். ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் அந்தக் கோடே வரும்படி மடியுங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாயட்டும். முடிந்ததும் முதுகுப்பக்கம் முழுவதும் ஒரே ஒழுங்கில் கோடு நிற்பதைப் பார்க்க அவ்வளவு அழகு.

இப்போது அதன் மேல் மல்லாந்து படுங்கள். இடுப்பு பெல்ட்டுக்கு நேராக இருக்க வேண்டும். வலது முனையை முதலில் வயிற்றின் மேல் போடுங்கள், அதன் மேல் இடது முனை. பெல்ட்டை இறுக்கி எழுந்திருங்கள். எழும்போது மேல்பாதித் துணி பெல்ட்டின் மேல் மடிந்து விழும், அப்படித்தான் விழ வேண்டும்.

படுக்காமல் கட்டும் வழி

விழா மைதானத்தில் ஈரப்புல்லில் படுக்க முடியாது. அங்கே பல வருடமாகக் கட்டுகிற ஒரு பெரியவர் தன் துணியின் உட்பக்கத்தைக் காட்டினார். பெல்ட் வரும் கோட்டில், மடிப்புக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன நாடா வளையங்கள் தைத்திருந்தார். உள்ளே ஒரு கயிறு. பாவாடை நாடாவை இழுப்பது போல இழுத்தால் 19 மடிப்பும் தானாகக் கூடிவிடுகின்றன. மேல்பாதியைத் தலைக்கு மேல் போர்வை மாதிரிப் போட்டுக்கொண்டு, கயிற்றை வயிற்றின் மேல் முடிந்து, வலம் இடமாக மூடி, மேலே பெல்ட். மூன்று நிமிடம்! வளையம் தைக்க ஒரு மாலை செலவாகும், தயங்காமல் செய்யுங்கள். இனி நான் வேறு விதமாகக் கட்டப்போவதில்லை.

தோள்

முன்பக்கம் தொங்கும் இரு மூலைகளையும் பக்கவாட்டில் பெல்ட்டுக்குள் செருகுங்கள், இரண்டு பை கிடைக்கும். பின்னால் தொங்குவதை இடது தோளுக்கு ஏற்றி ப்ரோச் குத்துங்கள். சட்டையில் மட்டும் குத்தினால் கிழியும், மேலே ஒரு வெய்ஸ்ட்கோட் போட்டு அதோடு சேர்த்துக் குத்துவது நல்லது. வலது கை வாள் வீசத் தாராளமாக இருக்க வேண்டும் என்பதால் இடது தோள். மழை வந்தால் அதே துணி தலைக்கு வரும், இரவில் அதே துணி போர்வை.

ஸ்காட்லாந்தில் இந்த உடைக்கு ஒரு காலத்தில் தடை இருந்தது. பழைய ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகக் கிளர்ந்தெழுந்த ஜேக்கபைட்டுகள் 1746இல் கலோடன் போரில் தோற்றதும் சட்டம் வந்தது, 1747 ஆகஸ்ட் 1 முதல் அமலானது. ராணுவத்தில் இல்லாத ஆண் கில்ட் கட்டினால் ஆறு மாதச் சிறை, மறுபடி கட்டினால் ஏழு வருட நாடுகடத்தல். 1782இல்தான் அதை நீக்கினார்கள். நான்கு வருடம் கழித்து, 1786இல், ஸ்காட்லாந்தின் நாய்டார்ட் பகுதியிலிருந்து சுமார் 500 பேர் கப்பலேறி வந்து குடியேறிய இடம்தான் இந்த கிளங்கேரி. மாலையில் எல்லா பேண்டுகளும் ஒன்றாக வாசித்தபடி மைதானத்துக்குள் வரும்போது, என் பக்கத்தில் நின்ற மூதாட்டி தன் பேரனின் கில்ட்டைச் சரிசெய்துகொண்டே அழுதார். ஒழுங்காகக் கட்டக் கற்றுக்கொண்டு வந்தது எவ்வளவு நல்லது என்று அப்போது நினைத்தேன்.

மற்றவை சுருக்கமாக: காலுறை முழங்காலுக்கு மூன்று விரல் கீழே மடியட்டும். ஸ்போரன் என்ற தோல்பை பெல்ட்டில் அல்ல, தனி வாரில் தொங்க வேண்டும். உட்காரும்போது இரு கையாலும் பின்கொசுவத்தை வழித்துவிட்டு உட்காருங்கள்.

பின்சேர்க்கை: பெண்கள் கட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பழைய காலத்தில் ஹைலேண்ட் பெண்களுக்கு அரிசெய்ட் என்று கணுக்கால் வரை வரும் தனி உடை இருந்தது. இன்று பைப் பேண்டுகளில் பெண்களும் கில்ட்தான் கட்டுகிறார்கள், தாராளமாகக் கட்டுங்கள்.

இன்னொன்று: இடுப்பு 30 அங்குலம், கொசுவம் மூட்டை மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மேலே சொன்ன கணக்கை உங்கள் அளவில் போடுங்கள். முன்பக்கத்துக்கு 20 அங்குலமும் மொத்தம் நாலு கெஜமும் போதும். 104 அங்குலம் மிஞ்சும், கட்டம் 6 அங்குலம் என்றால் 17 மடிப்பு.

வீடு திரும்பியதும் புல்லைத் தட்டி, காற்றாடத் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் கம்பளி சுருங்கிவிடும். மடித்து வைக்கும்போது கயிற்றை உருவிவிடாதீர்கள், திரும்பக் கோக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.