லாப்லாஸ் சமன்பாடா? முதலில் எல்லையைப் பாருங்கள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் செமஸ்டர் நெருங்கினால் தவறாமல் கேட்பது இதுதான்: மின்னூட்டமில்லாத இடத்தில் மின்னழுத்தம் எப்படி மாறும் என்று சொல்கிற லாப்லாஸ் சமன்பாட்டில் மாறிகளைப் பிரிக்கும்போது, அதாவது ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிச் சார்பு வைத்துத் தீர்க்கும்போது, எந்தத் திசைக்கு சைன், எந்தத் திசைக்கு எக்ஸ்போனென்ஷியல்? மனப்பாடமே வேண்டாம். எந்தத் திசையில் இரண்டு முனையிலும் மின்னழுத்தம் பூஜ்ஜியமோ அங்கே சைன், ஏனென்றால் வளர்கிறதும் தேய்கிறதுமான இரண்டு எக்ஸ்போனென்ஷியலை எப்படிக் கலந்தாலும் அது இரண்டு இடத்தில் பூஜ்ஜியத்தைத் தொடவே தொடாது. மிச்சத் திசைக்கு எக்ஸ்போனென்ஷியல். அது முடிவிலி வரை போகிறதா, சரி, வளர்கிற உறுப்பை அங்கேயே அடித்துவிடுங்கள்.

கோளம் இன்னும் சுலபம். சீரான மின்புலத்தில் மின்னூட்டமில்லாத உலோகக் கோளம் என்றால், தொலைவில் மின்னழுத்தம் காஸ் தீட்டாவாக (cos θ, θ என்பது புலத்தின் திசையிலிருந்து அளக்கும் கோணம்) மட்டுமே மாறுகிறது, அதனால் லெஜாண்டர் தொடரில், அதாவது கோளத்துக்கான பொதுத் தீர்வில், அந்த ஒரு உறுப்பை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். முடித்ததும் கோளத்தின் துருவத்தில், அதாவது புலத்தின் திசையில் இருக்கிற முனையில், புலத்தைக் கணக்கிடுங்கள், வெளிப்புலத்தைப் போல சரியாக 3 மடங்கு வரவேண்டும்; வரவில்லையென்றால் குறி எங்கோ மாறியிருக்கிறது.

அப்புறம், ஊகித்து எழுதப் பயப்படாதீர்கள். லாப்லாஸ் சமன்பாட்டுக்கும் எல்லா எல்லை நிபந்தனைக்கும் பொருந்தினால் அதுதான் விடை, வேறொன்று இருக்கவே முடியாது என்று தனித்தன்மைத் தேற்றம் சொல்கிறது. அந்த ஒரு வரியையும் விடைத்தாளில் எழுதிவிடுங்கள்.