மலிவுக் கப்பல் டிக்கெட்டில் எதை வெட்டியிருக்கிறார்கள்? வாங்குவதற்கு முன் கணக்குப் போடும் முறை

நவம்பர் நெருங்கினால் போதும், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மொசாம்பிக் பக்கம் நான்கு இரவு போய்வரும் கப்பலின் விளம்பரம் எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியில் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்துவிடும். விலையைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். கூடவே யாராவது ஓர் அக்கா, "இப்போதெல்லாம் முன்போல் கவனிப்பதில்லை, எல்லாவற்றையும் குறைத்துவிட்டார்கள்" என்று சொல்லிவிடுவார். இரண்டுமே உண்மைதான். ஆனால் எதைக் குறைத்தார்கள், அது நம் வீட்டுக்கு வேண்டிய பொருளா என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

அம்மாவும் என் கணவரும் நானும் இதுவரை இரண்டு முறை போய்வந்திருக்கிறோம். முதல் முறை கணக்கைத் தப்பாகப் போட்டு 4,500 ரேண்டை விட்டோம். இரண்டாம் முறை சரியாகப் போட்டோம். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் கப்பல் என்று சொல்லவில்லை. எல்லாக் கப்பலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பாஸ்போர்ட், முன்பதிவு, நெல்சன் மண்டேலா கப்பல் முனையத்துக்குப் போகும் வழி ஆகியவற்றை உங்கள் பயண முகவரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: விளம்பர விலையை முழு விலையாக்குங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிச் செயலிகள் எனக்குப் பிடிக்காது. பக்கத்துக்குப் பக்கம் மாறிப் பார்க்கையில் ஏதாவது ஒரு தொகை விட்டுப்போகும். இந்தக் கணக்குக்குத் தாளும் பேனாவும்தான் சரி.

கீழே உள்ள தொகைகள் எங்கள் ரசீதை ஒட்டியவை. புரிவதற்காக முழு எண்களாக்கியிருக்கிறேன், உங்களுக்கு விலை வேறாக இருக்கும். விளம்பரத்தில் ஆளுக்கு 5,000 ரேண்ட். மூன்று பேருக்கு 15,000. துறைமுகக் கட்டணமும் காப்பீடும் ஆளுக்கு 1,500 வீதம் 4,500. அடுத்தது சேவைக் கட்டணம். இதை ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கப்பல் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். 13 டாலர் என்று வைத்துக்கொண்டால், மூன்று பேருக்கு நான்கு இரவுக்கு 156 டாலர். டாலருக்கு 18 ரேண்ட் என்றால் 2,808. கார் நிறுத்த 800, காபி, தண்ணீர்ப் போத்தல் போன்றவற்றுக்கு 1,000. ஆக மொத்தம் 24,108 ரேண்ட்.

இதை மூன்று பேருக்கும் நான்கு இரவுக்குமாக வகுத்தால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 2,009 ரேண்ட். விளம்பரத்தை மட்டும் பார்த்தால் 1,250 என்றுதான் தோன்றும். "மலிவா?" என்ற கேள்வியை 2,009-ஐ வைத்துத்தான் கேட்க வேண்டும். கடலோர மார்கேட்டிலோ டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கமோ ஒரு விடுமுறை வீடு எடுத்து, சாப்பாட்டுச் செலவையும் சேர்த்து, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கப்பல் டாலரில் கணக்கு எழுதினால் உங்கள் வங்கி அட்டை அதற்கென்று தனிக் கட்டணம் பிடிக்கலாம். புறப்படும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

படி 2: வெட்டுகளை இரண்டாகப் பிரியுங்கள்

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

கப்பலில் குறைக்கப்பட்டவை இரண்டு வகை. ஒன்று, டிக்கெட்டோடு போகும் வெட்டு. கேபின் எந்த டெக்கில் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, அவர்கள் கொடுப்பதுதான்; இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் அவர்களே சொல்வார்கள்; காலைச் சிற்றுண்டியை அறைக்குக் கொண்டுவரச் சொன்னால் காசு. கூடுதல் விலையில் டிக்கெட் வாங்கினால் இவையெல்லாம் திரும்பக் கிடைக்கும்.

இன்னொன்று, கப்பலோடு போகும் வெட்டு. அறையை நாளுக்கு இரண்டு முறை சுத்தம் செய்தது ஒரு முறையாகிவிட்டது. பஃபேயை முன்னதாக மூடுகிறார்கள். இரவு உணவுப் பட்டியல் சுருங்கிவிட்டது. இவை அந்தக் கப்பலின் ஏற்பாடு. பெரும் பணம் கொடுத்து எடுக்கும் சூட் அறைகளைத் தவிர, நீங்கள் எந்த டிக்கெட் வாங்கினாலும் இவை மாறப்போவதில்லை.

இந்த வேறுபாடு எங்களுக்கு அப்போது தெரியாது. முதல் பயணம் ஜனவரிக் கடைசியில் அமைந்தது. அம்மா தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்தார். காலையும் மாலையும் குளித்துவிட்டுத்தான் கும்பிடுவார். மலிவு டிக்கெட்டில் கவனிப்பு குறைவு என்று கேள்விப்பட்டு, அம்மாவுக்காக ஆளுக்கு 1,500 கூடக் கொடுத்து அடுத்த வகை டிக்கெட் எடுத்தோம். அந்த 4,500 ரேண்ட் போனது இப்படித்தான்.

இரண்டாம் நாள் போர்ச்சுகீஸ் தீவில் இறங்கினோம். மபூட்டோ விரிகுடாவில், இன்யாக்கா தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு மணல் தீவு அது. நாள் முழுதும் கடலில் நனைந்துவிட்டு மாலை அறைக்குத் திரும்பினால், இருந்த மூன்று துண்டும் ஈரம், எல்லாவற்றிலும் மணல். அம்மா குளிக்க வேண்டும், உலர்ந்த துண்டு ஒன்றுகூட இல்லை. நடைபாதையில் நின்ற கேபின் பணியாளரைக் கூப்பிட்டேன். நாங்கள் பேசிய தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. தூத்துக்குடிக்காரர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். அதில் கேபின் எண்கள் நெருக்கி எழுதியிருந்தன, முடித்தவற்றின் மேல் பென்சில் கோடு.

"அக்கா, முன்பு காலையும் மாலையும் வருவோம். இப்போது காலை மட்டும்தான், அதற்குப் பதில் கேபின்களைக் கூட்டிவிட்டார்கள். எந்த டிக்கெட்டாக இருந்தாலும் இதுதான். நாளையிலிருந்து காலையிலேயே இரண்டு துண்டு கூடக் கேளுங்கள், வைத்துவிடுகிறேன்" என்றார். பிறகு தள்ளுவண்டியின் அடித்தட்டில் தேடி ஒரு துண்டை எடுத்து, "இது அம்மாவுக்கு" என்று கொடுத்தார்.

காசில்லாமல் கேட்டு வாங்கக்கூடிய ஒன்றுக்காக 4,500 ரேண்ட் கொடுத்திருந்தோம். அந்தப் பணத்தால் எங்களுக்கு உண்மையில் கிடைத்தது இரண்டு டெக் மேலே ஒரு கேபினும் காலைச் சிற்றுண்டித் தட்டும்தான். விரதத்தில் இருந்த அம்மா அந்தத் தட்டைத் தொடவே இல்லை.

ஆகவே நோட்டில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் டிக்கெட் வெட்டு, வலப்பக்கம் கப்பல் வெட்டு என்று எழுதுங்கள். டிக்கெட் வகைகளை விளக்கும் பக்கத்தில் இருப்பவை இடப்பக்கம் வரும். அங்கே இல்லாதவற்றை முகவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: அறை நாளுக்கு எத்தனை முறை சுத்தமாகும்? பஃபே எத்தனை மணிக்கு மூடும்? அறைக்குச் சாப்பாடு கொண்டுவரக் கட்டணம் உண்டா? பதிலை எழுத்தில், ஒரு மின்னஞ்சலாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் விலை டிக்கெட்டை இடப்பக்கத்தில் உள்ளவற்றுக்காக மட்டும் வாங்குங்கள். வலப்பக்கத்தில் உள்ளது உங்களுக்கு இன்றியமையாதது என்றால், பார்க்க வேண்டியது வேறு கப்பல்.

இது நம் ஊர்ப் பக்கம் மட்டும் நடப்பதல்ல. 2020-இல் பெருந்தொற்றால் உலகெங்கும் கப்பல்கள் நின்றபோது நிறுவனங்கள் பெருங்கடனில் மாட்டின. திரும்ப ஓடத் தொடங்கியதும் டிக்கெட் விலையை ஏற்றினால் கப்பல் நிரம்பாது என்பதால் செலவைக் குறைத்தன. 2023 தொடக்கத்தில் நார்வீஜியன் நிறுவனம் பெரும்பாலான அறைகளுக்கு நாளுக்கு ஒரு முறைதான் சுத்தம் என்று மாற்றியது. அதே சமயத்தில் கார்னிவல் நிறுவனம், இரவு உணவில் மூன்றாவது முதன்மை உணவு கேட்டால் 5 டாலர் என்று வைத்தது. காலி கேபினோடு போவதைவிட மலிவாக விற்று நிரப்பிவிட்டு, மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா ஆகியவற்றில் சம்பாதிப்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. மது குடிக்காத, சூதாடாத குடும்பத்துக்கு அந்த மலிவு விலை உண்மையாகவே ஆதாயம் என்பது என் உறுதியான கருத்து.

படி 3: உங்கள் வீட்டின் ஒரு நாளை எழுதுங்கள்

காலை எழுவதிலிருந்து இரவு படுப்பது வரை, யாருக்கு எது தவறினால் அன்றைய நாளே கெடும் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் மூன்றுதான் வந்தன. அம்மாவுக்கு மாலைக் குளியல், அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு, என் கணவருக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவது கடிக்க. மாலையில் படுக்கையை விரித்துவிடுவதும், துண்டில் யானை மடித்து வைப்பதும், தலையணையில் சாக்லேட்டும் பட்டியலில் வரவில்லை. அவற்றை வெட்டியதால் எங்களுக்கு இழப்பில்லை.

சைவம் பற்றி ஒரு வார்த்தை. கப்பல் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அதற்குள் காவடியும் வருகிறது, பல வீடுகளில் மாரியம்மனுக்கு விரதம் இருக்கும் புனித வெள்ளியும் வருகிறது. உணவுப் பட்டியல் சுருங்கும்போது முதலில் மெலிவது சைவப் பகுதிதான் என்பது நான் கண்டது. இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று முன்பதிவின்போதே பதியச் சொல்லுங்கள். ஏறிய அன்று உணவு மேலாளரைப் பார்த்து இன்னொரு முறையும் சொல்லுங்கள். இரண்டாம் பயணத்தில் அப்படிச் செய்ததால் அம்மாவுக்குத் தினமும் தனியாகப் பருப்பும் சோறும் ஒரு காய்கறியும் வந்தன.

படி 4: நெரிசலை அளந்துபாருங்கள்

கப்பலின் மொத்த டன் எண்ணைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். இந்த டன் எடையைக் குறிப்பதல்ல, கப்பலின் உள்ளளவைக் குறிப்பது. குயின் மேரி 2 கப்பலுக்கு ஏறக்குறைய 1,49,000 டன்னும் 2,690 பயணிகளும். வகுத்தால் 55 வரும். அது நல்ல தாராளம். முப்பதுகளில் வந்தால் பஃபேயில் தட்டோடு நிற்க வேண்டியிருக்கும். பயணிகள் எண்ணிக்கை என்று அவர்கள் போடுவது கேபினுக்கு இருவர் கணக்கு என்பதையும் மறக்காதீர்கள். பள்ளி விடுமுறையில் மேல்படுக்கையெல்லாம் பிள்ளைகளால் நிரம்பும்.

படி 5: ஏறிய முதல் மணி நேரம்

கேபின் பணியாளரைத் தேடிப் பிடித்து வணக்கம் சொல்லுங்கள். காலையா மாலையா, எப்போது சுத்தம் செய்தால் உங்களுக்கு வசதி என்று சொல்லுங்கள். சில கப்பல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுவார்கள். கூடுதல் துண்டுகளையும் அப்போதே கேளுங்கள்.

கவனிப்பு குறைந்துவிட்டது என்று சொல்லி, வரவேற்பு மேசையில் போய்ச் சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெட்டியவர் அலுவலகத்தில் இருக்கிறார். நீங்கள் நீக்கச் சொல்லும் பணமோ, மடித்த தாளோடு நடைபாதையில் ஓடுகிறவருடையது. நாங்கள் கடைசி நாள் அந்தத் தம்பியின் கையில் தனியாகவும் கொடுத்துவிட்டு வந்தோம்.

எடுத்துப் போக வேண்டியவை

காந்தக் கொக்கிகள் நான்கு. பெரும்பாலும் கேபின் சுவர் இரும்புத் தகடு என்பதால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஈரத் துணி மாட்டலாம். மலிவு டிக்கெட்டுக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் இல்லை. நம் மூன்று குண்டு முனைப் பிளக் கப்பலில் பொருந்தாது, அதற்கு ஓர் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டி கூடாது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதையும் கொளுத்தக் கூடாது. நடுக்கடலில் தீயைப்போல் ஆபத்து வேறில்லை, அந்த விதி நியாயமானது. அம்மா பேட்டரியில் எரியும் சிறு விளக்கும் திருநீறும் கொண்டுவந்தார், அதுவே போதுமாக இருந்தது.

நான்கு இரவுக்கு இந்த வெட்டுகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு மலிவு டிக்கெட்டில் போகலாம் என்றே சொல்வேன், நாங்களும் இரண்டாம் முறை அப்படித்தான் போனோம். மொரிஷியஸ், ரீயூனியன் வரை போகும் நீண்ட பயணம் வேறு. போகும்போது மட்டும் மூன்று நாளுக்கு மேல் கரையே தெரியாது. கப்பலை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத நாட்களில், சீக்கிரம் மூடும் பஃபேயும் நெரிசலும் ஒவ்வொரு நாளும் உறுத்தும். அதற்கு நல்ல கப்பலாகப் பார்த்து, பணம் சேர்த்துப் போவதே மேல்.

பிற்சேர்க்கை: ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி, அறையில் ஒருவருக்கு மட்டும் பானத் திட்டம் (முன்பே ஒரு தொகை கட்டிவிட்டுப் பானங்களைக் குடிக்கும் ஏற்பாடு) வாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். ஆம், பல நிறுவனங்களில் ஒரே கேபினில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வாங்க வேண்டும் என்பது விதி. ஒருவர்தான் குடிப்பவர் என்றால் தனித்தனியாகக் காசு கொடுப்பதே குறைவாக வரும். படி 1-இல் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கடல் கொந்தளிப்பால் மொசாம்பிக் கரையிலுள்ள பொமேனேயில் இறக்காமல் திருப்பிவிட்டார்கள், பணம் திரும்பக் கிடைக்குமா என்று வெருலத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டார். அங்கே துறைமுக மேடை கிடையாது, சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அலை எழுந்தால் கப்பல் தலைவர் இறங்க விடமாட்டார். இது வெட்டில் சேராது. கப்பல் வழியாக முன்பணம் கட்டிய கரைச் சுற்றுலாவுக்குப் பணம் திரும்பும், டிக்கெட் பணம் பெரும்பாலும் திரும்பாது. பயணத்துக்கு முன் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள், அண்ணா.