பழைய முத்திரை வாங்குமுன் ஓரத்தைப் பாருங்கள்

இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்த விக்டோரியா மகாராணி படம் போட்ட ஆறு பென்ஸ் முத்திரை. அந்தக் காலத்து முத்திரைகளுக்குப் பல் (கிழித்தெடுக்க ஓரத்தில் போடும் ஓட்டை வரிசை) கிடையாது. தபால் கந்தோரில் கத்தரியால் வெட்டித்தான் கொடுப்பார்கள். அதனால் விலையைத் தீர்மானிப்பதில் ஓரத்துக்குப் பெரிய பங்கு. நாலு பக்கமும் படத்துக்கு வெளியே வெள்ளைக் காகிதம் தெரிய வேண்டும். எண்கோண வடிவ முத்திரைகளை (1859இன் நாலு பென்ஸ் ரோஸ் நிறம் அதில் பேர்போனது) அந்த வடிவத்துக்கே வெட்டிவிட்ட பாவிகள் நிறையப் பேர். அப்படி வெட்டியது மலிவாகத்தான் போகும்.

ஓரம் ஒடுங்கி இருந்தால் இன்னொரு சந்தேகமும் வரட்டும். 1861இலிருந்து அதே படங்கள் பல்லோடு வந்தன. அந்தப் பல்லைச் சீவிவிட்டுப் பழையது என்று தள்ளிவிடுவார்கள். நான் ஒருதரம் ஏமாந்தது இப்படித்தான்.

சரி, நல்லது கிடைத்துவிட்டது. திருகோணமலையில் அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. உப்புக் காற்று, மாரி ஈரம். பசை இளகி அல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு செம்புள்ளி விழும். அல்பத்தைப் படுக்கப் போடாமல், நெருக்காமல் நிமிர்த்தி வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள், மாரியில் அடிக்கடி மாற்றுங்கள். தொடுவது சாவணத்தால் மட்டும். லமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், ஐயோ!