எஸ்எஸ்-31 கரைசல்: எடைக் கணக்கில்தான் பிழை வரும்

எலமிப்ரெடைடு என்னும் எஸ்எஸ்-31, நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருக்கும் கார்டியோலிப்பின் என்னும் கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும். 2025 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பார்த் சிண்ட்ரோம் என்னும் அரிய மரபணு நோய் உள்ள, 30 கிலோவுக்குக் குறையாத நோயாளிகளுக்கு இதன் ஊசிமருந்தை விரைவு அனுமதி முறையில் அனுமதித்தது. இங்கே சொல்வது செல் ஆய்வுக்கான தூளைப் பற்றி. அதை யாருக்கும் ஊசியாகப் போடக் கூடாது.

தூள் அடைத்து வரும் சிறு குப்பியின் (வயல்) சான்றிதழில் 98% தூய்மை என்றிருக்கும். எடையில் 98% பெப்டைடு என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த மூலக்கூறு மூன்று நேர்மின்சுமை உடையது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஎஃப்ஏ (டிரைஃப்ளூரோஅசிட்டேட்) சேர்ந்து, தூள் உப்பாக இருக்கும். பெப்டைடின் மூலக்கூறு எடை 639.8, மூன்று டிஎஃப்ஏவுக்கு 342. ஆகவே தூளில் பெப்டைடு 65% மட்டுமே, ஈரம் இருந்தால் இன்னும் குறைவு. 5 மி.கி. வயலில் உண்மையில் 3.25 மி.கி., அதாவது 5.08 மைக்ரோமோல். 10 மில்லிமோலார் கரைசலுக்கு 508 மைக்ரோலிட்டர் நீர் போதும். உப்பை மறந்து 781 மைக்ரோலிட்டர் ஊற்றினால் கிடைப்பது 6.5 மில்லிமோலார்தான். அடுத்த பேட்ச் அசிட்டேட் உப்பாக வந்தால் பெப்டைடு 78% ஆகிவிடும். பழைய கணக்கு அதற்குப் பொருந்தாது. சான்றிதழில் பெப்டைடு அளவு தனியாகத் தரப்பட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த வயலை உடனே திறக்காதீர்கள். ஈரம் புகாத பெட்டியான டெசிகேட்டரில் அரை மணி நேரம் வையுங்கள். குளிர்ந்த தூள் காற்றின் ஈரத்தை இழுத்துவிடும். மூடியில் ஒட்டிய தூள் கீழிறங்க ஒருமுறை சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். டிஎம்எஸ்ஓ போன்ற கரைப்பான் தேவையில்லை, நீரிலேயே கரையும். நுரைக்கக் குலுக்காமல் மெல்லச் சுழற்றினால் கரைசல் தெளிந்துவிடும். இதன் நான்கு அமினோ அமிலங்களில் ஒன்றான டைமெத்தில்டைரோசினின் வளையம் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியது. நைட்ரஜன் செலுத்திய நீர் நல்லது.

குறைந்த ஒட்டுத்தன்மையுள்ள குழாய்களில் 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து −80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம். 1 மைக்ரோமோலாருக்கு முதலில் நூறில் ஒன்றாக, பிறகு மீண்டும் நூறில் ஒன்றாக நீர்க்கச் செய்யுங்கள். அதை அன்றன்றே பயன்படுத்துங்கள். நேர்மின்சுமை கொண்ட பெப்டைடு, கரைசல் நீர்த்திருக்கும்போது குழாய்ச் சுவரில் ஒட்டித் தொலைந்துபோகும்.

பெப்டைடு சேர்க்காத ஒப்பீட்டுச் செல்களில், அதாவது கண்ட்ரோலில், பெப்டைடோடு வரும் டிஎஃப்ஏவுக்கு ஈடாக 3 மைக்ரோமோலார் சோடியம் டிஎஃப்ஏ சேர்க்க மறக்காதீர்கள். இதே வகைப் பெப்டைடான எஸ்எஸ்-20ஐச் செயலற்ற கண்ட்ரோலாக வைக்காதீர்கள். டைமெத்தில்டைரோசின் இல்லாவிட்டாலும் அதுவும் கார்டியோலிப்பினைப் பற்றிக்கொள்ளும்.