தீராத அசதிக்கு டெஸ்டோஸ்டிரோன்: முயன்று பார்க்கலாமா என்று முடிவெடுப்பது எப்படி?

ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தும் உடம்பு கனக்கிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் வேலை ஓடவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனைகளில் எதுவும் சிக்கவில்லை. பிறகு யாரோ சொல்லி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்த்தால் 270 நானோகிராம்/டெசிலிட்டர் என்று குறைவாக வருகிறது. 'காரணம் கிடைத்துவிட்டது' என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் அவசரப்படக் கூடாது. தொப்பை, கட்டுப்படாத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, நாள்பட்ட வலி மாத்திரை ஆகிய எல்லாமே அசதியையும் தரும், டெஸ்டோஸ்டிரோனையும் இறக்கும். அந்தக் குறைந்த எண் பெரும்பாலும் அசதிக்குக் காரணமாக இருப்பதில்லை, அதோடு கூடவே வந்த இன்னொரு விளைவாகத்தான் இருக்கிறது.

மருந்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 65 வயதுக்கு மேற்பட்ட, டெஸ்டோஸ்டிரோன் அளவு 275க்குக் கீழே இருந்த 790 ஆண்களை வைத்து அமெரிக்காவில் ஓராண்டு நடந்த ஆய்வின் முடிவுகள் 2016இல் வந்தன. பாலியல் ஆர்வம் கூடியது, மனநிலை கொஞ்சம் தேறியது. அசதியில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2020 வழிகாட்டுதல், வயதோடு அளவு குறைந்த ஆண்களுக்குச் சுறுசுறுப்பைக் கூட்டுவதற்காக மட்டும் இந்தச் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம் என்கிறது. ஆகவே அசதி தவிர வேறு தொந்தரவே இல்லை என்றால் பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. அசதியோடு ஆசை குறைந்து, காலை விறைப்பு நின்று, வாரம் மூன்று முறை தேவைப்பட்ட ஷேவிங் ஒரு முறையானால் கதை வேறு. இப்படிப்பட்டவர்கள்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டியவர்கள்.

முதலில் மற்றவற்றைக் கழியுங்கள்

ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு), ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை), பி12 வைட்டமின், கிரியாட்டினின் (சிறுநீரகம்), கல்லீரல் பரிசோதனை ஆகியவை அடிப்படை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைவது சர்வசாதாரணம். மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, விடாத இருமல் இருந்தால் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்யாமல் ஹார்மோன் பக்கமே போகக் கூடாது. நம் ஊரில் காசநோய் பழங்கதை ஆகிவிடவில்லை.

மாத்திரைப் பட்டியலையும் எடுத்து வையுங்கள். ட்ரமடால் போன்ற வலி மாத்திரைகள், பிரெட்னிசோலோன், ப்ரோப்ரனோலால், அலர்ஜிக்குத் தினமும் போடும் செட்ரிசின் என்று சந்தேகப்பட நிறைய உண்டு. மூட்டு வலிக்கு, ஆஸ்துமாவுக்கு என்று பெயர் ஒட்டாத பொடி வாங்கிச் சாப்பிடுபவர்கள் அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்து திடீரென நிறுத்தினால், அட்ரினல் சுரப்பி முடங்கி வரும் அசதி உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்குக் காலை 8 மணிக்கு அட்ரினல் ஹார்மோனான கார்ட்டிசால் அளவைப் பார்ப்பார்கள். ஜிம்மில் யாராவது 'சைக்கிள்', அதாவது தசைக்கான ஹார்மோன் ஊசித் தொடர், போட்டுவிட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றி நிறுத்தியவர்களுக்குச் சொந்தச் சுரப்பு மாதக்கணக்கில் தூங்கிக் கிடக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறவிடப்படுவது தூக்கம். குறட்டை உண்டா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். கழுத்துச் சுற்றளவு 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர் தாண்டினால் தூக்கப் பரிசோதனை அவசியம். மூச்சு நிற்பதைச் சரிசெய்யாமல் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் அது மோசமாகலாம். இன்னொன்று: கொஞ்சம் உடற்பயிற்சி செய்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படுக்கையில் தள்ளும் வகை அசதி தனி நோய்க்குறி. அதற்கு டெஸ்டோஸ்டிரோன் மருந்தே இல்லை.

அளவை ஒழுங்காக எடுப்பது

காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாட்களில் இரண்டு முறை எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வெறும் வயிறு என்றால் பால், சர்க்கரை போட்ட ஃபில்டர் காபியும் கூடாது. குளுக்கோஸ் ஏறினாலே டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். அம்பத்தூரில் இருப்பவர் ட்ராஃபிக்கில் சிக்கி 11 மணிக்கு லேபுக்குப் போய்ச் சேருவதைவிட, 7 மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கச் சொல்வது நல்லது. ஓஎம்ஆரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்குக் கடிகாரம் பொருந்தாது. இந்த ஹார்மோன் தூக்கத்தோடு ஏறுவது. அவர் முழுசாகத் தூங்கி எழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், சீட்டில் ஷிஃப்ட் விவரத்தையும் எழுதச் சொல்ல வேண்டும். டெங்கு, வைரல் காய்ச்சல் வந்து போயிருந்தால் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள். சனிக்கிழமை காலைப் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை இரவு பார்ட்டி ஆகாது. முடிக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையைக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். அது பல லேப் கருவிகளைக் குழப்பி, டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிக் காட்டும்.

ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். ஒரு நானோமோல்/லிட்டர் என்பது சுமார் 28.8 நானோகிராம்/டெசிலிட்டர். அமெரிக்க யூராலஜி (சிறுநீரியல்) சங்கம் 300 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்கிறது. ஹார்மோன் நிபுணர்களின் சங்கமான எண்டோக்ரைன் சொசைட்டி சொல்லும் கீழ் எல்லை 264. இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதமான எஸ்ஹெச்பிஜி பார்க்க வேண்டும். பருமனும் சர்க்கரையும் அந்தப் புரதத்தைக் குறைப்பதால், மொத்த அளவு 270 காட்டினாலும் உடலுக்குக் கிடைக்கும் தனி அளவு சரியாகவே இருக்கலாம். அந்தத் தனி அளவை மொத்தம், எஸ்ஹெச்பிஜி, ஆல்புமின் மூன்றையும் வைத்துக் கணக்கிட வேண்டும். பேக்கேஜில் சேர்த்து விற்கப்படும் நேரடி 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' பரிசோதனைகளில் பலவற்றை நம்ப முடியாது.

இரண்டு முறையும் குறைவு என்று உறுதியானால், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், ப்ரோலாக்டின் பார்க்க வேண்டும். எல்ஹெச்சும் எஃப்எஸ்ஹெச்சும் விரையை வேலை செய்யத் தூண்டுபவை. எல்ஹெச் எகிறியிருந்தால் கோளாறு விரையில். எல்ஹெச் குறைவாகவோ சாதாரணமாகவோ இருந்தால் மேலே, பிட்யூட்டரியிலோ அதை இயக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸிலோ. டெஸ்டோஸ்டிரோன் 150க்குக் கீழே, ப்ரோலாக்டின் விடாமல் அதிகம், தலைவலியோடு ஓரப் பார்வை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எம்ஆர்ஐ எடுக்காமல் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. பிட்யூட்டரிக் கட்டி ஊசிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இந்தக் கட்டத்தில் ஹார்மோன் நிபுணரான எண்டோக்ரினாலஜிஸ்ட்டைத்தான் பார்க்க வேண்டும். தனியாரில் செலவு கட்டாது என்றால் சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்கென்றே தனித் துறை உண்டு. லாட்ஜில் ரூம் போட்டு 'நரம்புத் தளர்ச்சி' பார்ப்பவர் அந்த வேலைக்கு ஆக மாட்டார்.

தொடவே கூடாதவர்கள்

அடுத்த ஓரிரு வருடத்தில் குழந்தை வேண்டும் என்பவர்கள் முதலில். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் மூளை எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் அனுப்புவதை நிறுத்தும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்வரை போகும். நிறுத்திய பின் திரும்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அவர்களுக்கு ஹெச்சிஜி, க்ளோமிஃபீன் போன்ற வேறு மருந்துகளை டாக்டர் பேசுவார். புராஸ்டேட் புற்று, ஆண் மார்பகப் புற்று, ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கட்டுப்படாத இதயச் செயலிழப்பு, பிஎஸ்ஏ (புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை) 4க்கு மேல், ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 48 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கும் கூடாது. தலைமுடிக்கு ஃபினாஸ்டிரைடு எடுத்தால் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகக் காட்டும், அதைச் சொல்லிவிடுங்கள். பெண்களின் அசதிக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்க ஆதாரம் இல்லை.

இதயம் பற்றிய பயத்துக்கு 2023இல் வந்த, ஐயாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு ஓரளவு பதில் சொன்னது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, நுரையீரல் ரத்தக்கட்டி, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் சற்று அதிகம்.

சோதனை ஓட்டத்தை நடத்துவது

இவ்வளவையும் தாண்டி வந்தால் 3 முதல் 6 மாதச் சோதனையாகத் தொடங்குங்கள். தொடங்கும் முன்பே, எது மாறினால் தொடர்வது என்பதை டாக்டரோடு பேசித் தாளில் எழுதுங்கள். காலையும் மாலை நான்கு மணிக்கும் அசதிக்கு 10க்கு எத்தனை, வாரத்தில் எத்தனை காலை விறைப்பு, மாதத்தில் எத்தனை நாள் லீவு. இரண்டு வாரம் மருந்தில்லாமல் குறித்துவிட்டுப் பிறகுதான் மருந்து. முதல் மாதத்து உற்சாகத்தில் நம்பிக்கையின் பங்கு பெரிது. மூன்றாம் மாதக் கணக்கை நம்புங்கள்.

முதல் சோதனைக்கு ஜெல்தான் சரி. 1 சதவீத ஜெல் 5 கிராம், அதாவது 50 மில்லிகிராம், தினமும் காலை குளித்துத் துடைத்த பின் தோள், மேல்கையில். தொந்தரவு வந்தால் சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். டெஸ்டோஸ்டிரோனின் நீண்டகால வகையான 1000 மில்லிகிராம் அண்டெகனோயேட் ஊசி பல வாரம் உள்ளேயே நிற்கும், வேண்டாம் என்று தோன்றினால் திரும்ப எடுக்க முடியாது. போட்ட பின் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வேண்டும், எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் இருமல், மூச்சுத்திணறல் வரலாம். இன்னொரு வகை ஊசியான 250 மில்லிகிராம் ஈனாந்தேட்டை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டால் முதல் சில நாள் துள்ளல், அடுத்த ஊசிக்கு முன் சரிவு. அந்தச் சரிவையே பழைய அசதி என்று நினைத்து டோஸைக் கூட்டுவார்கள். சுஸ்டனான் என்ற ஊசியில் கடலை எண்ணெய் இருக்கிறது, வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகாது.

ஜெல்லில் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. வெயிலுக்கு வீட்டில் சட்டை இல்லாமல் லுங்கியோடு இருந்து, குழந்தையைத் தோளில் தூக்குவோம். மருந்து குழந்தைக்கு ஒட்டினால் அதற்கு வயதுக்கு முந்தைய பருவ மாற்றங்கள் வரும். தடவியதும் சோப்பால் கை கழுவி, காய்ந்த பிறகு பனியன் போடுங்கள். 5 மணி நேரம் குளியல் வேண்டாம். குழந்தையைத் தூக்கும் முன் தடவிய இடத்தைக் கழுவிவிடுங்கள்.

மூன்றாம் மாதம் டெஸ்டோஸ்டிரோன், ஹெமட்டோக்ரிட், பிஎஸ்ஏ. ஜெல் என்றால் தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். ஹெமட்டோக்ரிட் 54 தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் போனாலே அந்த எண் ஏறிக் காட்டும், அதனால் முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். முதல் வருடத்தில் பிஎஸ்ஏ தொடக்க அளவைவிட 1.4க்கு மேல் கூடினால் யூராலஜிஸ்ட்டிடம் போங்கள்.

எண் 500க்கு ஏறியும் தாளில் உள்ள கணக்கு அசையவில்லை என்றால் அசதி இதனால் வந்ததில்லை. டோஸை ஏற்றிப் பார்க்க வேண்டாம், நிறுத்துங்கள். நிறுத்திய சில வாரம் அசதி முன்பைவிடக் கூடலாம், ஏனெனில் சொந்தச் சுரப்பு இன்னும் விழித்திருக்காது. 'பார்த்தாயா, மருந்து வேலை செய்துகொண்டிருந்தது' என்று மறுபடி ஜெல்லை எடுப்பது இந்தக் கட்டத்தில்தான். மூன்று மாதம் கழித்து, பழையபடி காலை வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோனும் எல்ஹெச்சும் பார்த்துவிட்டு அதன் பிறகு பேசுங்கள்.