மீயொலியால் செல்களை அடுக்கி ஜெல்லுக்குள் நிலைநிறுத்துவது எப்படி

கோழிக் கருவின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் 3 மெகாஹெர்ட்ஸ் மீயொலியைச் செலுத்தியபோது இரத்த ஓட்டம் நின்று, சிவப்பணுக்கள் அரை அலைநீள இடைவெளியில் பட்டைகளாகத் திரண்டதை 1971-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஒலியை நிறுத்தியதும் அந்தப் பட்டைகள் கலைந்தன. இன்று செல்களை அடுக்க முனைபவரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்: ஒலி செல்களை வரிசைப்படுத்துமே தவிர, அவற்றை அப்படியே பிடித்துவைக்கும் வேலை ஜெல்லினுடையது.

அமைப்பு எளிமையானதே. நீர்த்தொட்டியின் அடியில் மேல்நோக்கி ஒரு டிரான்ஸ்டியூசரை (மின் அதிர்வை ஒலியாக மாற்றும் கருவி) பொருத்தி, அதற்கு நேர்மேலே, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை அடிப்பாகமாகக் கொண்ட கிண்ணத்தை, படலம் மட்டும் நீரில் படும்படி நிறுத்த வேண்டும். கிண்ணத்தில் உள்ள திரவத்தின் மேற்பரப்பில் காற்று இருப்பதால், அங்கு சென்று மோதும் ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்து, மேலே செல்லும் ஒலியோடு சேர்ந்து, நகராமல் ஒரே இடத்தில் அதிரும் நிலை அலையை உருவாக்குகிறது. நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் என்பதால், 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.5 மில்லிமீட்டர், செல் அடுக்குகளுக்கு இடையிலான தூரம் அதில் பாதி, அதாவது 0.75 மில்லிமீட்டர். நெருக்கமான அடுக்குகள் வேண்டுமானால் அதிர்வெண்ணைக் கூட்ட வேண்டும்.

செல்கள் நீரைவிட அடர்த்தியானவை, எளிதில் அமுங்காதவை. ஆகவே அவை அழுத்தம் ஏறி இறங்காத கணுக்களை நோக்கி நகர்கின்றன. பள்ளியில் படித்த, அசைவே இல்லாத கம்பிக் கணுவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அழுத்தக் கணுவில்தான் நீரின் அசைவு மிக அதிகம். கொழுப்புத் துளிகளோ எதிர்த்திசையில், அழுத்தம் மிக அதிகமாக ஏறி இறங்கும் எதிர்க்கணுக்களுக்குச் செல்லும்.

செல்களைத் தொடுவதற்கு முன், 10 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணிகளை வைத்து ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கலங்கிய திரவம் சில நொடிகளில் கோடு கோடாகப் பிரிவது தெரியும். கோடுகள் சுழன்று கலைந்தால், நான் முதலில் சந்தேகிப்பது காற்றுக்குமிழியைத்தான். தொட்டி நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டோ வெற்றிடத்தில் வைத்தோ கரைந்த காற்றை நீக்க வேண்டும்; பிப்பெட்டின் கடைசித் துளியை ஒருபோதும் ஊதித் தள்ளக் கூடாது.

பக்குவம் பார்க்க வேண்டிய கட்டம் இனிதான் வருகிறது. நடுநிலையானதும் ஜெல்லாக இறுகும் புரதமான கொலாஜனின் அமிலத்தன்மை உள்ள கரைசலைப் பனிக்கட்டியின் மேல் வைத்தே, வளர்ப்பு ஊடகத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் சேர்த்து, ஊடகத்தில் உள்ள, அமிலத்தன்மையைக் காட்டும் சாயமான ஃபீனால் சிவப்பின் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாக மாறும் வரை நடுநிலைப்படுத்தி, அதன் பிறகு செல்களைக் கலந்து உடனே கிண்ணத்தில் ஊற்றி ஒலியைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் செல்கள் நகர்வதற்குள் ஜெல் இறுகிவிடும். ஜெல் இறுகும் முன்பே ஒலியை நிறுத்தினால் செல்கள் அடியில் படிந்துவிடும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு இவ்வாறு கொலாஜனுக்குள் அடுக்கிய இரத்தக்குழாய் உட்படலச் செல்கள், பின்னர் நுண்குழாய் வலையாக வளர்ந்தன.

அடுக்குகள் மங்கலாக இருந்தால் ஒலியழுத்தத்தைச் சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும். அழுத்தம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும், சூடும் நீரோட்டமும் அதோடு சேர்ந்தே வரும். ஆகவே மாதிரிக்கு அருகில் மெல்லிய வெப்பமானி ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஒலி படாத இன்னொரு கிண்ணத்தை உடன்வைத்து, மறுநாள் இரண்டிலும் உயிருள்ள செல்களை எண்ணி ஒப்பிட வேண்டும்.